வீட்டுப் பெயர்

விளக்கைப் போடாதீர்கள்... இருட்டிலேயே சொல்கிறேன். எல்லாம் சரியாக நினைவிருக்கிறதா என்று எனக்கே சந்தேகம். ஹிரக் சொன்னது பாதி, நானாக நினைத்துக்கொண்டது பாதி.

இரவு ஒன்றரை மணி இருக்கும். வங்காளத்தில் சந்தன்நகர், கங்கையை ஒட்டிய சாலை. ஆள் நடமாட்டம் இல்லை. மழை விட்டு ஜன்னல் தகரத்தில் சொட்டு... சொட்டு... வீட்டில் என் நண்பன் ஹிரக்கும் அவன் அத்தை சுப்ரபாவும் மட்டும்.

அத்தையின் அப்பா பெரிய நாவலாசிரியர். அவர் இறந்தபின் அவரைப் பற்றி அத்தை ஒரு புத்தகம் எழுதினாள். மீன் முள்ளை எடுத்துவிட்டு ஊட்டியது, மூக்குப்பொடி வாசனை, எல்லாம்.

"எழுதினது எல்லாம் போயிடுதுடா. அப்பா கை ஞாபகம் வரல. நான் எழுதின வரிதான் வருது," என்று ஹிரக்கிடம் சொல்வாள்.

ஒன்றை மட்டும் எழுதாமல் வைத்திருந்தாள். அவளை அவர் அழைத்த வீட்டுப் பெயர். வேறு யாரும் அதைச் சொன்னதில்லை. பதிப்பாளர் விடவில்லை.

"அது இல்லேன்னா உப்பில்லாத மீன் குழம்பு, தீதி."

கொடுத்துவிட்டாள். துர்கா பூஜைக்குப் புத்தகம் வந்தது. மறுநாளே மீன்காரன் வாசலில் நின்று அந்தப் பெயரைச் சொல்லிக் கூவினான். தெருவே சிரித்தது. அத்தை கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள்.

அந்த இரவு... முதலில் மூக்குப்பொடி வாசனை. பிறகு வாசலில் அந்தப் பெயர். தாத்தாவின் குரல்.

அங்கே எல்லோருக்கும் தெரியும். இரவில் யார் கூப்பிட்டாலும் மூன்றாவது முறைக்குத்தான் பதில் சொல்ல வேண்டும். நிஷி, தெரிந்தவர் குரலில் அழைக்கும் இரவுப் பேய், இரண்டு முறைக்கு மேல் கூப்பிடாது. பதில் சொன்னவரை விடாது.

மறுபடியும் அதே பெயர்.

ஹிரக் அவள் கையைப் பிடித்தான். "பேசாத, அத்தை. அந்தப் பேரு இப்ப ஊருக்கே தெரியும். தாத்தாதான்னு எப்படி நம்புறது?"

இருவரும் காத்திருந்தார்கள். சொட்டு... சொட்டு... வாசனை குறையத் தொடங்கியது.

"மூணாவது வராதுடா," என்றாள் அத்தை. "தெரியும்."

கையை உருவிக்கொண்டாள். "இதோ வரேன், பாபா."

கதவைத் திறந்தாள். ஈரச் சாலை. யாருமில்லை.

விடிவதற்குள் அத்தை இறந்துவிட்டாள். புத்தகம் நன்றாக விற்றது. பதிப்பாளர் நலம். ஹிரக் அதே வீட்டில் தனியாக இருக்கிறான். அவனுக்கும் ஒரு வீட்டுப் பெயர் உண்டு, அத்தை வைத்தது. என்னிடம்கூடச் சொன்னதில்லை. மழை விட்ட இரவுகளில் வாசலில் அது இரண்டு முறை கேட்கிறதாம்... அத்தையின் குரலில்.

இன்னும் அவன் பதில் சொல்லவில்லை.