கதவுக்கு மேல மூணு எழுத்து

கத்தாதீங்க தங்கச்சி, கத்தாதீங்க! திருடன் இல்லம்மா நானு! பட்டப்பகல்ல, நாலரை மணிக்கி, கைலியும் பனியனுமா ஸ்டூலு மேல ஏறி நின்னுக்கிட்டு எந்தத் திருடனாச்சும் ஒங்க கதவுக்கு மேல ஈரத்துணியப் போட்டுத் தொடைப்பானா? நான் சூசை. மூணாவது வீடு. துறைமுகத்துல கணக்கு எழுதுற கிராணியா இருந்து ரிட்டயர் ஆன ஆளு. போன வாரம் நீங்க சாமான் எறக்குறப்ப, "லிஃப்டு இன்னிக்கி ஓடாது"ன்னு வந்து சொன்னேன்ல… ஆங், அதே ஆளுதான். மொதல்ல இந்த ஸ்டூல ஒரு கை புடிங்க. ஒரு காலு குட்டை.

என்னாத்தத் தொடைக்கிறேன்னா? இந்த எழுத்தத்தான். அட, ஒங்களுக்கு விசயமே தெரியாதா? நம்ம ப்ளாக்கு தமிழாளுங்க வாட்ஸாப் குரூப்புல நீங்க இல்லியா? நல்லதாப் போச்சு. வராதீங்க. அட்மின் நாந்தான், நானே சொல்றேன், வராதீங்க.

முந்தாநேத்து காலையில என் மச்சான் கிளிஃபர்ட்டு ஒரு மெசேஜ் அனுப்புனான். புக்கிட் மெர்தாஜாம்ல இருக்கான், வேல வெட்டி இல்லாதவன். அவனுக்கு கெப்பாலா பத்தாஸ்லேர்ந்து யாரோ அனுப்புனதாம். அந்த யாரோவுக்கு யாரு அனுப்புனான்னு அந்த யாரோவுக்கே தெரியாது. "எச்சரிக்கை! வெளிநாட்டுக்காரனுங்க வீட்டுக்கு வீடு சாக்பீசால அடையாளம் போடுறானுங்க. சிலுவ போட்டிருந்தா பொம்பளைங்க தனியா இருக்குற வீடு…" இப்புடிப் போவுது. மேல ரெண்டு செவப்பு லைட்டு. கீழ போலீசு முத்திரை மாதிரி ஒண்ணு. மாதிரிதாம்மா! வட்டமா இருந்துச்சி, நடுவுல போலீசு தொப்பியில இருக்குற மாதிரி ஒரு புலித் தல இருந்துச்சி, போதாதா எனக்கு? இப்ப யோசிச்சிப் பாத்தா ஏதோ தைல டப்பா படம் மாதிரியும் இருந்துச்சி.

சும்மா அனுப்பி வுட்டுருந்தா ஒண்ணும் ஆயிருக்காதுலா. ஆனா நான் போடுற மெசேஜ எவன் பாக்குறான்? இஞ்சித் தண்ணி குடிச்சா மூட்டுவலி போவும்னு போட்டேன், ஒருத்தன் வாயத் தொறக்கல. வெண்டிக்கா தண்ணி போட்டேன்… ம்ஹூம். அதனால இந்தவாட்டி அடியில சின்னதா ஒரு வரி நானே சேத்தேன். "நம்ம ப்ளாக்குலயும் இருக்கு. நானே கண்ணால பாத்தேன்."

இல்ல தங்கச்சி. பாக்கல.

ஆனா நாப்பத்திமூணு பதிலும்மா! அரை மணி நேரத்துல! "நன்றி சூசை அண்ணே", "அண்ணே இல்லாட்டி நம்ம கதி என்னா"… எனக்கு அப்புடியே குளுந்து போச்சி. கேத்தரின்கிட்ட… என் பொண்டாட்டி… ஓடிப் போயி காட்டுனேன். "ஒனக்கு இது தேவையா"ன்னுட்டு மீன் கழுவப் போயிட்டா.

அப்பறம் ஆளாளுக்கு அண்ணாந்து பாத்துக்கிட்டே வராந்தாவுல நடந்தாங்க. தேடுனா கெடைக்காதா? கெடச்சிச்சி! ரெண்டு எடத்துல. ஒண்ணு இங்க, ஒங்க வீடு. இன்னொண்ணு அதோ, எதுத்த வராந்தாவுல, என் கூட்டாளி சின்னையா வீடு. மழையில பாதி அழிஞ்சி, சி, ஒரு சிலுவ, எம், ஒரு சிலுவ, பி. போட்டோ எடுத்து மொதல்ல என்கிட்டதான் அனுப்புனாங்க. நாந்தான கண்ணால பாத்தவன்! நான் சும்மா இருக்கலாம்ல? அர்த்தம் சொன்னேம்மா! மலாயில யோசிங்கன்னு சொன்னேன். சி-ன்னா செப்பாட், சீக்கிரம். எம்முன்னா மாலாம், ராத்திரி. பி-ன்னா பாஞ்ஞாக், நெறைய. "சீக்கிரம் வா, ராத்திரி வா, நெறைய இருக்கு!" சின்னையா வீட்டுல என்னா நெறைய இருக்கு? கடன்தான் நெறைய இருக்கு. அதக்கூட யோசிக்கல நான்.

கொஞ்சம் கெட்டியாப் புடிங்க, ஆடுது.

இங்க கூட்டுற ஆளு இருக்கான்ல… ஒல்லியா, நீலச் சட்ட… ஆங், பங்களாதேசுக்காரன், இங்க எல்லாரும் பங்களாம்போம். நேத்து காலையில அவன வளைச்சிப் புடிச்சிட்டாங்க. ஜேப்புல கைய வுட்டா சாக்பீசு! அது எறும்பு சாக்பீசும்மா, குப்பத் தொட்டியச் சுத்தி கோடு போடுறது, பாசார்ல எல்லாக் கடையிலயும் விக்குது. அவன் "எறும்பு, எறும்பு"ன்னு மலாயில கத்துறான். ஒருத்தன் காதுலயும் ஏறல. நானும் அங்கதான் நின்னேன். சொல்லவா வேணாமா… நாந்தான் மொதல்ல "பாத்தீங்களா"ன்னேன்.

அந்த ஆளு கேத்தரினுக்கு மூட்டு வீங்கிப் போனப்ப, லிஃப்டு கெட்டுக் கெடந்த ஒரு மாசமும் அரிசி மூட்டைய நாலு மாடி தூக்கியாந்து போட்டவன். ஆறு வருசமா கூட்டுறான். அவன் பேரு யூசுப்புன்னு எனக்கு நேத்துதான் தெரியும், அதுவும் கேட்டுல காவலுக்கு நிக்கிற ஜாகா அவன் கார்ட வாங்கிப் படிச்சப்ப. அதுவரைக்கும் "டேய் பங்களா"தான். இப்பக் கீழ ஆபிசுல ஒக்கார வெச்சிருக்காங்க. அஞ்சு மணிக்கி ஏஜெண்டு வந்து கூட்டிட்டுப் போயிருவான். போனா வேல போச்சி, பெர்மிட்டும் போச்சி.

கதை முடியல. இன்னிக்கி மத்தியானம் கேத்தரின் என் போன எடுத்து அந்தப் போட்டோவப் பாத்தா. பாத்துட்டு சிரிச்சா பாருங்க… சோத்துத் தட்ட கீழ வெச்சிட்டு சிரிக்கிறா. "யோவ், இது ஒன் கையெழுத்துய்யா. ஒன் எம்முதான் கம்பளிப் பூச்சி மாதிரி இருக்கும்"ங்கிறா.

போனப் புடுங்கிப் பெருசாக்கிப் பாத்தேன், என் எம்மேதான்.

சனவரியில எங்களுக்கு மூணு ராஜாக்கள் திருநாளு, கொழந்த ஏசுவப் பாக்க தூர தேசத்துலேர்ந்து வந்தாங்கள்ல, அவங்க. பூசையில சாமியாரு சாக்பீச மந்திரிச்சிக் குடுப்பாரு. அத வெச்சி வாசலுக்கு மேல ராஜாங்க பேரு மொத எழுத்த இங்கிலீசுல எழுதுவோம். கஸ்பாரு, மெல்கியோரு, பல்தசாரு. எங்க வீட்டுல உள்பக்கமா எழுதிட்டேன். ஒங்களுக்கு முன்ன இங்க இருந்த சோஃபியா டீச்சருக்கு ஸ்டூலுல ஏறுனா தல சுத்தும், "அண்ணே, எனக்கும் எழுதிருங்க"ன்னுச்சி. சின்னையா இந்து, ஆனா எங்க புனித அன்னம்மா கோயில் திருநாளுன்னா எங்களுக்கு முன்னாடி மெழுவத்தியோட நிப்பான். "எனக்கும் ஒண்ணு போடுலா"ன்னான். இதே ஸ்டூலு. இதே கை.

அவனாச்சும் ஞாபகம் வெச்சிருக்கலாம்ல? அவன்தான் "போலீசுக்குப் போவோம்"னு மொதல்ல குதிச்சவன்!

முப்பது வருசமா வருசா வருசம் எழுதுறேம்மா. என் எழுத்த எனக்கே அடையாளம் தெரியல. ஏன்னா மெசேஜ மொதல்ல படிச்சிட்டேன், கதவ அப்பறந்தான் பாத்தேன். வெக்கக்கேடு. தூரத்துலேர்ந்து வந்த மூணு வெளிநாட்டுக்காரங்களுக்கு வாங்கன்னு எழுதி வெச்சிட்டு, அந்த எழுத்தையே காட்டி ஒரு வெளிநாட்டுக்காரனப் புடிச்சிக் குடுத்திருக்கேன்.

அதான் தொடைக்கிறேன். எழுத்து போச்சின்னா பேச்சும் போயிரும்… என்னா? ஏன் வேணாங்கிறீங்க?

…ஆமா.

ஆமாலா. இதத் தொடைச்சிட்டா அவனுக்குன்னு வேற என்னா சாட்சி இருக்கு? நான் அவனக் காப்பாத்த வரல, என்னத்தான் காப்பாத்திக்க வந்தேன். சரி சரி, அப்புடிப் பாக்காதீங்க. பி மட்டும் மிச்சம் இருக்கு. சின்னையா வீட்டுல மூணும் இருக்கு. மந்திரிச்ச சாக்பீசு துண்டு இதோ மடியில கெடக்கு. ஆபிசுல போயி மேனேஜர் மேசையிலயே எழுதிக் காட்டிர்றேன். என் எம்மப் பாத்தா யாருக்கும் சந்தேகமே வராது.

இருங்க, போனு அடிக்கிது. கண்ணாடி இல்ல, நீங்க படிங்க. குரூப்பா? சின்னையாவா? போட்டோவா… எதுத்த வராந்தாவுலேர்ந்து எடுத்ததா… என்னா எழுதியிருக்கான்?

"இன்னொரு பங்களா மாட்டிக்கிட்டான். புது ஆளு வீட்டு வாசல்ல. நானே கண்ணால பாத்தேன்."

குடுங்க அத. இது… இது நாந்தானே! என் பனியன்! என் முதுகு! இருபது வருசமா தெனமும் என்கூட தேத்தண்ணிக் கடையில தே தாரேக் குடிக்கிறவன் தங்கச்சி அவன்! அதுக்குள்ள எத்தன பதிலு? பதினொண்ணா? …டேய் சின்னையா! நாந்தான்டா, சூசை! காது கேக்குதா? ஓடுறான் பாருங்க, ஜாகாவக் கூட்டியாரப் போறான்.

சிரிக்காதீங்க. சரி, சிரிங்க. கைய மட்டும் குடுங்க, எறங்கிக்கிறேன். மணி என்னா? பத்து நிமிசம் இருக்குல்ல? சட்டையெல்லாம் வேணாம்மா, இப்புடியே வரேன். போயி யூசுப்பு பக்கத்துல, ரெண்டு பேரும் முதுகக் காட்டிக்கிட்டு நிக்கிறோம். எவன் பங்களா, எவன் சூசைன்னு சின்னையாவே வந்து சொல்லட்டும்.