விரல் முட்டியால் தட்டுகிறவர்கள்

பியானோவை நகர்த்துவது பெரிய கஷ்டம் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அப்படி ஒன்றும் இல்லை. எங்கள் பியானோவுக்கு அடியில் சின்னப் பித்தளைச் சக்கரங்கள் உண்டு. அவை கம்பளத்தில் புதைந்துகொள்கின்றன, பின்னால் தூசி தட்ட முடியவில்லை என்று நான் ஒரு நாள் அலுத்துக்கொண்டேன். நெவில் அந்த வாரமே கம்பளத்தைச் சுருட்டிப் போட்டுவிட்டு வழவழப்பான விரிப்பு ஒன்றை ஒட்டிக்கொடுத்தார். சக்கரங்களுக்கு எண்ணெயும் போட்டார். என் இடுப்பு வலியை நினைத்துத்தான் செய்தார். நல்ல மனிதர் அவர். அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

தேநீருக்கு நன்றி. நீங்கள் கேட்டீர்களே, இப்போது பயமாக இருக்கிறதா என்று. இல்லை. எனக்கே இது புதிதாக இருக்கிறது. பயம் இல்லாமல் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து நான் தேநீர் குடித்து எத்தனையோ காலம் ஆகிறது.

என் மகள் எல்ஸி கைக்குழந்தையாக இருந்தபோதே அவளுடைய அப்பா போய்விட்டார். அவரைப் பற்றிப் பேச ஒன்றும் இல்லை. அவளுக்கு மூன்று வயதாக இருந்தபோது நான் படுக்கையை விட்டு எழுந்திருக்காமல் கிடந்தேன். உடம்புக்கு ஒன்றும் இல்லை, மனசுதான். அப்போது ஒரு நாள் கதவு தட்டும் சத்தம் கேட்டது. கழுத்தில் அடையாள அட்டை தொங்க இரண்டு பேர் நின்றார்கள். குழந்தைகள் நலத் துறையிலிருந்து எனக்கு உதவி செய்ய வந்ததாகச் சொன்னார்கள். எல்ஸியை லிங்கன் நகரத்தில் ஒரு குடும்பத்திடம் கொண்டுபோய் விட்டார்கள். திருப்பித் தரவும் செய்தார்கள், அதை மறுக்கவில்லை. ஆனால் திரும்பி வந்தவள் முதல் நாள் சாப்பிட்டு முடித்ததும் கையைக் கட்டிக்கொண்டு, "எழுந்துக்கலாமா ஆன்ட்டி?" என்று என்னைப் பார்த்துக் கேட்டாள். நான் சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். அன்றிலிருந்து யாராவது கதவைத் தட்டினால் எல்ஸி எங்கே என்றுதான் முதலில் தேடுவேன்.

எங்கள் ஊர் கிரிம்ஸ்பியில் என்னைப் போன்ற பெண்களுக்கு மீன் தொழிற்சாலையில் பொட்டலம் கட்டும் வேலை கிடைக்கும். பாதி வாரம்தான் வேலை. மீதிக்கு அரசாங்க உதவித்தொகை. அது தனியாகப் பிள்ளை வளர்க்கிறவளுக்கு மட்டும். வீட்டில் ஓர் ஆண் சேர்ந்து வாழ்கிறான் என்று தெரிந்தால் நிறுத்திவிடுவார்கள், மறைத்தது குற்றம் என்று வழக்கும் போடுவார்கள். வழக்கு என்று வந்தால் கழுத்தில் அட்டை மாட்டியவர்கள் பின்னாலேயே வந்துவிடுவார்கள் என்று எனக்குத் தெரியும்.

நெவிலைத் தொழிலாளர் கிளப்பில் பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் அவர் அங்கே பியானோ வாசிப்பார், வயதான தம்பதிகள் எழுந்து ஆடுவார்கள். நான் மேசைகளிலிருந்து காலி கிளாஸ்களைச் சேர்ப்பேன். ஒரு நாள் வாசித்து முடித்துவிட்டு என்னிடம் வந்தார்.

"நீங்க கிளாஸ் அடுக்கற சத்தம் என் பாட்டை விட ஒரு எட்டு முன்னாடி ஓடுதுங்க. கொஞ்சம் நிதானமா அடுக்கினீங்கன்னா ரெண்டு பேரும் ஒண்ணா முடிக்கலாம்."

எனக்குச் சிரிப்பு வந்தது. ரொம்ப நாளைக்குப் பிறகு வந்த சிரிப்பு. குளிர்காலம் தொடங்கும்போது அவர் எங்கள் வீட்டில் இருந்தார். மூடப்போகும் ஒரு தேவாலயத்தில் பியானோவைச் சும்மா தருகிறார்கள் என்று தெரிந்து கிளப் ஆட்களோடு தூக்கிவந்தார். யாராவது கேட்டால் அது எல்ஸியின் பியானோ. அவளுக்கு இடது கையால் வாசிக்கும் பகுதியை மட்டும் முதலில் சொல்லிக்கொடுத்தார். வலது கையை அவரே வாசிப்பார். இரண்டு பேரும் ஒரே பலகையில் இடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். நான் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டே கேட்பேன். சந்தோஷமாக இருந்தேன். அது பொய் இல்லை.

அவருக்கு ஆஸ்துமா இருந்தது. நீல நிற இன்ஹேலர் எப்போதும் பியானோவின் மேலேயே இருக்கும்.

மாடிப்படிக்கு அடியில் எங்களுக்கு ஓர் அலமாரி அறை உண்டு. கேஸ் மீட்டர், பழைய கோட்டுகள், துடைப்பம் எல்லாம் அங்கேதான். ஓர் ஆள் குனிந்து உட்காரலாம். கதவு கூடத்தின் பக்கம் திறக்கும், பியானோவுக்குப் பக்கத்திலேயே. யாராவது கதவைத் தட்டினால் நெவில் அதற்குள் போய்விட வேண்டும் என்று சொன்னேன். முதலில் சிரித்தார். நான் சிரிக்கவில்லை என்பதைப் பார்த்ததும் சரி என்றார்.

பள்ளிக்கூடத்தில் தீப்பிடித்தால் எப்படி வெளியேறுவது என்று பயிற்சி கொடுப்பார்கள் இல்லையா, நாங்களும் அப்படித்தான் பழகினோம். எல்ஸி வெளியே போய்க் கதவைத் தட்டுவாள். எப்படித் தட்ட வேண்டும் என்று நான் காட்டிக்கொடுத்திருந்தேன். பக்கத்து வீட்டு ஐரீன் மாதிரி ஆட்கள் தபால் போடும் துளையின் மூடியை ஆட்டிச் சத்தம் எழுப்புவார்கள். அதிகாரிகள் விரல் முட்டியால் தட்டுவார்கள், விட்டு விட்டு மூன்று முறை. அந்தச் சத்தம் வந்ததும் நெவில் எழுந்து உள்ளே போவார். அவருடைய செருப்பையும் பல் துலக்கும் பிரஷ்ஷையும் இரண்டாவது கோப்பையையும் நான் எடுத்து ஒளிப்பேன். பிறகு எல்ஸி உள்ளே வந்து அவளுடைய வரியைச் சொல்வாள்: "வீட்ல நானும் அம்மாவும் மட்டும்தான். வேற யாரும் இல்ல." கொஞ்ச நாளில் நெவிலுக்கு யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. சத்தம் கேட்டால் வாசிப்பதைப் பாதியில் விட்டுவிட்டுப் போய்விடுவார்.

பிப்ரவரியில் உதவித்தொகை அலுவலகத்திலிருந்து உண்மையாகவே ஒருவர் வந்தார். மரியாதையான ஆள். குளியலறையில் எத்தனை பல் துலக்கும் பிரஷ் இருக்கிறது என்று பார்த்தார். எல்ஸி அவளுடைய வரியைத் தடுமாறாமல் சொன்னாள். அவர் போன பிறகு அலமாரிக் கதவைத் திறந்தேன். நெவில் ஒரு கோட்டுக் கையை வாயில் திணித்து இருமலை அடக்கிக்கொண்டிருந்தார். உதடெல்லாம் நீலம் பாய்ந்திருந்தது. தவழ்ந்து வந்து இன்ஹேலரை எடுத்து இழுத்த பிறகுதான் பேச்சு வந்தது.

"அடுத்த தடவை என்னைத் துணி துவைக்கற மிஷின்ல போட்டுடு லின். சுத்தமாவாவது வெளிய வருவேன்."

அதற்கும் சிரித்தோம். அந்தத் தூசி அவருக்கு ஆகாது என்று எனக்கு அன்றே தெரியும். தெரியாது என்று நான் சொல்ல மாட்டேன்.

அதற்குப் பிறகு எல்ஸிக்கு ஏதோ ஆனது. ஏழு வயதுப் பெண் படுக்கையை நனைக்க ஆரம்பித்தாள். ரொட்டிக் கடையில் கடைக்காரர் கல்லாவில் விரலால் தட்டியபோது என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, வேறு யாரும் இல்லை என்று அவரிடம் சொன்னாள். கடைக்காரர் சிரித்தார். எனக்கு அவள் கெட்டிக்காரியாகத்தான் தெரிந்தாள். நெவிலுக்கு அப்படித் தெரியவில்லை.

மே மாத விடுமுறை ஆரம்பிப்பதற்கு முன், காலைச் சாப்பாட்டின்போது பேச்சை எடுத்தார். எல்ஸி பள்ளிக்குப் போயிருந்தாள். ராட்டர்டாம் போகும் கப்பலில் வாசிக்க அவருக்கு இடம் கிடைத்திருக்கிறது, போய்விடப் போகிறேன் என்றார். அது எனக்கு வலித்தது, ஆனால் தாங்கியிருப்பேன். போவதற்கு முன் எல்ஸியின் ஆசிரியையைப் பார்த்துப் பேசப்போவதாகவும் சொன்னார். ஆசிரியைக்குத் தெரிந்தால் கழுத்தில் அட்டை மாட்டியவர்களுக்கும் தெரிந்துவிடும்.

"தூக்கத்துல கூட அதையேதான் சொல்றா லின். வேற யாரும் இல்ல, வேற யாரும் இல்லன்னு. நீ அவளைப் பொய் சொல்ல வெக்கிறே. நானும் கூடவே இருந்து பாத்துக்கிட்டிருந்தேன்."

"காட்டிக் குடுக்கப் போறீங்களா?"

"இல்லம்மா. உதவிக்குத்தான். உனக்கும் சேத்துத்தான்."

"போன தடவையும் உதவிக்குத்தான் வந்தாங்க," என்றேன்.

அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். அவர் கண்ணில் தண்ணீர் இருந்தது. பள்ளி மறுபடி திறந்ததும் ஆசிரியையிடம் போகிறேன் என்றார். மனதை மாற்ற முடியாது என்று தெரிந்தது. நான் அவரிடம் கத்தவில்லை. தட்டுகளைக் கழுவினேன். கழுவும்போது எல்ஸி என்னை மறுபடியும் ஆன்ட்டி என்று கூப்பிடுவது காதில் கேட்டுக்கொண்டே இருந்தது. அந்தப் பயத்தை உங்களுக்கு எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. உங்களுக்குப் பிள்ளைகள் இருந்தால் சொல்லாமலே புரியும்.

சனிக்கிழமை மத்தியானம் நானும் எல்ஸியும் கடற்கரை ஊரான மேபிள்தார்ப்புக்குப் புறப்பட்டோம். ஐரீன் அங்கே தங்குவதற்கு வைத்திருக்கும் கேரவன் வண்டியை ஒரு வாரத்துக்குக் கொடுத்திருந்தாள். நெவில் வரக்கூடாது, சேர்ந்து போனால் யாராவது பார்த்துவிடுவார்கள். பைகள் வாசலில் இருந்தன. அவர் பியானோவில் உட்கார்ந்து ஏதோ மெதுவாக வாசித்துக்கொண்டிருந்தார். நான் எல்ஸியிடம், வெளியே போய் ஒரு தடவை பயிற்சி செய்துவிட்டுப் போகலாம் என்று காதில் சொன்னேன்.

அவள் முட்டியால் தட்டினாள். நெவில் வாசிப்பதை நிறுத்திவிட்டு எழுந்து உள்ளே போனார். நான் தள்ளவில்லை. கதவைக்கூட அவரே சாத்திக்கொண்டார். இன்ஹேலர் பியானோவின் மேல் இருந்தது. நகர்த்தும்போது கீழே விழுந்துவிடும் என்று எடுத்து என் கைப்பைக்குள் வைத்தேன். பிறகு பியானோவை அலமாரிக் கதவுக்கு முன்னால் தள்ளி நிறுத்தினேன். எண்ணெய் போட்ட சக்கரங்கள், சத்தமே இல்லை.

எல்ஸி உள்ளே வந்தாள். உள்ளேயிருந்து நெவில் தட்ட ஆரம்பித்திருந்தார். முதலில் என் பெயரைச் சாதாரணமாகத்தான் கூப்பிட்டார். பிறகு இருமல்.

"அம்மா, நெவில் இன்னும் உள்ள இருக்காரு."

"பயிற்சி இன்னும் முடியலடா கண்ணு."

"எப்ப முடியும்?"

"நாம திரும்பி வர்றப்ப."

அவர் உள்ளே பயப்படாமல் இருக்க நீ கற்றுக்கொண்டதை வாசித்துக் காட்டு என்றேன். அவள் நின்றுகொண்டே இடது கைப் பகுதியை வாசித்தாள். கொஞ்ச நேரம் அவர் தட்டுவது அந்தத் தாளத்துக்குச் சரியாக வந்தது. வேண்டுமென்றே செய்தார் என்று நினைக்கிறேன், அவளுக்காக. பிறகு பின்தங்கியது. பிறகு எல்ஸியின் கை மட்டும் கேட்டது. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது, அவளுக்கு மழைக்கோட்டை மாட்டிவிட்டேன்.

மேபிள்தார்ப்பில் முழுக்க மழை. வறுத்த மீனும் சிப்ஸும் வாங்கிக்கொடுத்தேன், எல்ஸி தொடவில்லை. கழிப்பறைக் கதவைத் தட்ட மாட்டேன் என்று அடம்பிடித்துப் பாவாடையை நனைத்துக்கொண்டாள். மற்றபடி நல்ல விடுமுறைதான். ஒரு வாரமும் நாங்கள் இரண்டு பேர் மட்டும், யாரும் எங்களைத் தேடி வரவில்லை.

நாங்கள் வீடு திரும்பி ஜன்னல்களைத் திறந்துகொண்டிருந்தபோது உங்கள் போலீஸ் ஆட்கள் வந்தார்கள். நெவில் ஞாயிற்றுக்கிழமை வாசிக்க வரவில்லை என்று கிளப்பில் தேடியிருக்கிறார்கள். முட்டியால் தட்டினார்கள், விட்டு விட்டு மூன்று முறை. நான் நகரும் முன்பே எல்ஸி போய்க் கதவைத் திறந்துவிட்டாள்.

நீலச் சட்டை போட்ட அந்த இளைஞர் குனிந்து, வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று அவளைக் கேட்டார். அவள் திரும்பிப் பியானோவைப் பார்க்கவில்லை. என்னையும் பார்க்கவில்லை.

"வீட்ல நானும் அம்மாவும் மட்டும்தான். வேற யாரும் இல்ல."

குரல் தடுமாறவே இல்லை. நான் அவளைப் பொய் சொல்ல வைக்கிறேன் என்று நெவில் சொன்னார் இல்லையா? அவர் சொன்னது தவறு, அதையும் எழுதிக்கொள்ளுங்கள். அன்று என் மகள் சொன்னது உண்மை.