பதினொண்ணு நாப்பதுக்கு மரப்பாலம்

– புறப்பாடு பதினொண்ணு பத்து. வேலிக்கதவு பதினொண்ணு இருபத்தஞ்சு. இப்போ கதவைத் தாண்டிட்டேன். நோட் பண்ணிக்க குட்டிம்மா.

– போன்ல நோட் பண்ண நான் என்ன ஸ்டேஷன் மாஸ்டராப்பா?

– உங்கண்ணன் உன்னைத்தானே சாட்சின்னு சொல்லியிருக்கான். லீவுல நாம வழக்கமா நடக்கிற நடையை அப்பா இந்த வருஷமும் தனியா முழுசா நடந்துட்டா முதியோர் இல்லம்னு பேச்சே எடுக்க மாட்டேன்னு சொன்னானா இல்லையா?

– சொன்னான். நடக்க முடியலேன்னா லீவு முடியறதுக்குள்ள கொண்டுபோய் விட்டுடுவேன்னும் சொன்னான்.

– அதை நீ வேற ஞாபகப்படுத்தணுமா? எனக்கு மனப்பாடம். முப்பத்தாறு வருஷம் ரயில்ல கார்டா கடைசிப் பெட்டியில ஆடிக்கிட்டே போனவன் நான். மூணு மைல் எனக்கெல்லாம் ஒரு நடையா?

– கால் எப்படி இருக்கு?

– கால் கால் மாதிரி இருக்கு. அங்க உங்க ஊர்ல நீங்க கிளம்பியாச்சா?

– கிளம்பியாச்சு. வழக்கம்போல, நீங்க அங்க நடக்கிற நேரத்துக்கு நாங்களும் நடக்கிறோம்.

– மாப்பிள்ளை?

– முன்னாடி போறார்.

– வாண்டு?

– அவளும் அவரோடதான்.

– அவகிட்ட போனைக் குடேன். குரல் கேட்டு எவ்வளவோ நாளாச்சு. தாத்தா விசில் ஊதிக் காட்டுறேன்.

– அவங்க ரொம்ப தூரம் போயிட்டாங்கப்பா. நீங்க ஊதுங்க, நான் கேக்குறேன்.

– இந்தா. கேட்டுச்சா?

– காது கிழிஞ்சுது. ஆனா வெட்டவெளியில ஊதின மாதிரி இல்லையேப்பா. குளியலறையில ஊதின மாதிரில்ல இருக்கு.

– குளிர்ல சத்தம் அப்படித்தான் வரும்.

– உங்க பக்கம் காத்து இரைச்சலே காணோமே?

– குல்லாவை இழுத்துவிட்டு போனை உள்ள சொருகி வெச்சிருக்கேன். நீ என்ன, டிக்கெட் பரிசோதகர் மாதிரி நோண்டிக்கிட்டே இருக்கே.

– சரி, நோண்டல. வழியில என்னெல்லாம் தெரியுதுன்னு சொல்லுங்க. கேட்டுக்கிட்டே நடக்குறேன்.

– இடது பக்கம் வயல், பனி மூடி வெள்ளைவெளேர்னு கிடக்கு. வலது பக்கம் மொட்டை மரங்க. நீ உங்கண்ணனோட சண்டை போட்டு அவன் கையுறையைத் தூக்கி எறிஞ்சியே, மேல் கிளையில மாட்டிக்கிச்சே, அந்த மரத்தை இப்பத்தான் தாண்டுறேன்.

– அவன்தான் முதல்ல என் ஷூவுக்குள்ள பனிக்கட்டியைப் போட்டான்.

– ரெண்டு பேர் மேலயும் தப்பு. அன்னிக்கே தீர்ப்பு சொல்லியாச்சு.

– அப்போல்லாம் எத்தனை பேர் நடப்போம்ப்பா.

– எட்டு பேர், சித்தப்பா வீட்டோட சேர்த்து. உங்கம்மா இருந்தவரைக்கும் அவதான் லேட். எவன் வீட்டு நாயோடயாவது நின்னு பேசிட்டு வருவா. அவளுக்கும் பின்னாடி நான். கார்டு கடைசியிலதான் வரணும். கதவைத் தாண்டுறப்போ தலையை எண்ணணும், எட்டு இருந்தா விசில். எட்டு வராம நான் ஊதினதே இல்ல.

– இப்போ எண்ணிட்டுத்தான் ஊதினீங்களா?

– எண்ணினேன். ஒண்ணு. எண்ண ரொம்ப நேரம் ஆகல.

– அப்பா...

– இரு இரு. மணி பதினொண்ணு நாப்பது. மரப்பாலம் வந்தாச்சு.

– பாலத்து மேலயா நிக்கிறீங்க?

– மேலதான். கைப்பிடியைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறேன். கீழ ஓடை ஓரமெல்லாம் உறைஞ்சு கிடக்கு.

– நல்லாப் பாருங்க. பக்கத்துல யாருமே இல்லையா?

– ஒரு ஈ காக்கா இல்ல.

– பாலத்துக்குப் பதினொண்ணு நாப்பதுங்கிறது நாங்க பள்ளிக்கூடம் படிக்கிறப்போ நீங்க நோட்டுல எழுதி வெச்ச நேரம்ப்பா. அப்போ உங்களுக்கு நாப்பது வயசு. இப்போ எழுபத்தஞ்சு. இவ்வளவு பனியில ஒரு நிமிஷம்கூட லேட் ஆகலையா?

– என் வண்டி என்னிக்கு லேட் ஆச்சு?

– நான் பாலத்து மேலதான் நிக்கிறேன்.

– எந்தப் பாலம்?

– நம்ம பாலம்தான். காலையில முதல் ரயிலுக்கு வந்து, ஸ்டேஷன்லேருந்து ஓடைக்கு அந்தப் பக்கமா நடந்து வந்தேன். நீங்க வரும்போது முன்னாடி போய் நிக்கலாம்னு பாத்தேன். அரை மணியா விறைச்சுப்போய் நிக்கிறேன். பாலத்துலேருந்து வேலிக்கதவு வரைக்கும் ராத்திரி பெஞ்ச பனி வெச்சது வெச்சபடி கிடக்கு. ஒரு காலடிகூட இல்லப்பா.

– விறைச்சுப்போயா? கையுறை போட்டிருக்கியா?

– அப்பா, நீங்க எங்க இருக்கீங்க?

– சாப்பாட்டு மேஜைகிட்ட.

– உக்காந்துக்கிட்டா?

– நடந்துக்கிட்டுதான். பூட்ஸ், கோட்டு, குல்லா எல்லாம் போட்டுக்கிட்டு மேஜையைச் சுத்துறேன். கையில அந்தப் பழைய நோட்டு. கடிகாரத்தைப் பாத்துப் பாத்து உனக்கு நேரம் சொல்றேன். இலை உதிர்ற சமயத்துல வாசப்படியில வழுக்கி விழுந்தேன். அதுக்கப்புறம் தெருமுனையைத் தாண்டினதில்ல.

– ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை நடந்துட்டு வந்தேன்னு சொன்னதெல்லாம்?

– மேஜைதான்.

– என்கிட்டகூட ஏம்ப்பா சொல்லல?

– சொன்னா உங்கண்ணன்கிட்ட ஓதுவே. இல்லேன்னா உள்ளுக்குள்ளயே வெச்சு மருகுவே. மாப்பிள்ளையும் குழந்தையுமா சந்தோஷமா இருக்கே, அதுல நான் எதுக்கு மண்ணை அள்ளிப் போடணும்? எனக்கு அங்க போகப் பயமா இருக்கும்மா. அந்த இல்லத்துல தினம் ரெண்டு வேளை தலை எண்ணுவாங்களாம். நான் எண்ணித்தான் பழக்கம். எண்ணிக்கையில நிக்கத் தெரியாது.

– அண்ணன்கிட்ட நான் எதுவும் சொல்லப்போறதில்ல.

– பொய் சாட்சி சொல்லுவியா?

– சொல்லுவேன். எனக்கு அது ஒண்ணும் புதுசில்ல.

– அதென்ன அப்படிச் சொல்றே? சரி, குளிர்ல நிக்காதே, வீட்டுக்கு வா. அடுப்புல தண்ணி வெக்கிறேன். எல்லாரும்தானே வந்திருக்கீங்க? உங்களுக்கு மூணு கப்பு எடுக்கட்டுமா?

– ம்... எடுங்க. அவங்க பின்னாடி வர்றாங்க.

– முன்னாடி போறார்னு சொன்னே.

– அது அப்போ. இப்போ பின்னாடி.

– வாண்டு இருக்கிற இடமா இவ்வளவு அமைதியா இருக்கு? வாயை மூடிக்கிட்டு அவ பத்து தப்படி நடந்ததில்லையே.

– அப்பா, குளிருது. வீட்டுக்கு வந்து பேசுறேனே.

– என் காலடி இல்லேன்னு கண்டுபிடிச்சே இல்ல? இப்போ ஸ்டேஷன் பக்கம் திரும்பு. நீ வந்த வழியைப் பாரு.

– பாக்குறேன்.

– கார்டு கேக்குறேன், சரியா எண்ணிச் சொல்லணும். எத்தனை பேர் காலடி இருக்கு?

– என்னுது மட்டும்தான்ப்பா. அவர் வாண்டையும் கூட்டிக்கிட்டுப் போய் ஆறு மாசமாச்சு.