இடுக்கில்லாத அறை

வாலில்லாத எலி என்றுதான் நான் சொல்வேன். தங்கச்சி கோபித்துக்கொள்வாள். "ஹாம்ஸ்டர்னு சொல்லுக்கா, அதுக்கும் மானம் மரியாதை இருக்கு" என்பாள். குண்டன் என்று பேர் வைத்திருந்தாள். கன்னம் இரண்டிலும் தீனியை அடைத்துக்கொண்டு அது உட்கார்ந்திருக்கும்போது அந்தப் பேர் பொருத்தமாகத்தான் இருக்கும்.

அதற்குப் பத்திரமாக ஓடி விளையாட ஓர் இடம் வேண்டும் என்று ஆரம்பித்ததுதான் இது, மேடம். நான் குழந்தைகள் காப்பகத்தில் வேலை பார்க்கிறேன். புதிதாக ஓர் அறையைத் திறந்தால் முதலில் தரையில் படுத்துப் பார்ப்போம். நின்றுகொண்டு பார்ப்பவர்களுக்கு ஆபத்து தெரியாது. ப்ளக் ஓட்டை, மேசைக்கால், கதவிடுக்கு எல்லாம் கீழேதான் இருக்கின்றன. என் பொறுப்பில் இருந்த குழந்தை ஒன்றுகூட விழுந்து அடிபட்டதில்லை. வேண்டுமானால் விசாரித்துக்கொள்ளுங்கள்.

அம்மா போனபோது தங்கச்சி பால்பல்கூட விழாத பிள்ளை. கண்ணுக்குள் வைத்து வளர்த்தேன். எனக்கென்று ஒரு குடும்பம் அமையவில்லை. அதில் வருத்தமும் இல்லை. அவளுக்கு வேறு ஊரில் வேலை கிடைத்தது. தனியாக அறை எடுத்துத் தங்கப்போவதாகச் சொன்னாள். அன்றைக்கு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை, அவ்வளவுதான். மறுநாள், "போறதுக்கு முன்னாடி உன் ரூம்லயே குண்டனுக்கு ஒரு இடம் பண்ணிடலாம். நீ போயிட்டா நான்தானே பாத்துக்கணும்" என்றேன். என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.

வேலையை இருவரும் சேர்ந்துதான் செய்தோம். அளவெடுக்கிற டேப்பின் ஒரு முனையை அவளே பிடித்தாள். வயரைக் கடித்துவிடும் என்று சார்ஜரை எடுத்தோம். ஜன்னலுக்குக் கம்பிவலை வைத்து ஸ்க்ரூ முடுக்கினேன். குளிர்காற்று ஆகாது என்று அதற்கு மேல் பலகை அடித்தேன். தாழ்ப்பாளை வெளிப்பக்கம் மாற்றினேன். கதவின் அடியில் தீனி வைக்க ஒரு திறப்பு அறுத்து, வெளியிலிருந்து மூடுகிற மாதிரி பலகை போட்டேன். குளியலறை அந்த அறையோடு சேர்ந்தது. அந்த விஷயத்தில் நான் கொடுமைக்காரி இல்லை.

"என்னக்கா, சாப்பாட்டுத் தட்டே நுழையும்போல இருக்கு. எலிக்கு விருந்தா?"

"வளர்ற பிள்ளை" என்றேன். விழுந்து விழுந்து சிரித்தாள்.

கடைசியாக, "உள்ள போய்ப் படுத்து, இடுக்கு ஏதாவது இருக்கான்னு பாரு. நான் கூண்டோட வர்றேன்" என்றேன். போனை என் கையில் கொடுத்துவிட்டுப் போனாள். தரையோடு கன்னத்தை வைத்து, ஊர்ந்து ஊர்ந்து பார்த்தாள். "ஒரு இடுக்குகூட இல்லக்கா" என்று குரல் கொடுத்தாள். நான் தாழ்ப்பாளைப் போட்டேன்.

வேலையில் சேரவேண்டிய தேதி கடந்ததும் திறப்பதாகத்தான் இருந்தேன். வர விருப்பமில்லை என்று அவள் போனிலிருந்து நானே செய்தி அனுப்பினேன். ஆனால் திறந்தால் கோபத்தில் ஓடுவாள். ஓடுகிற பிள்ளைதான் விழும். கோபம் தணியட்டும் என்று விட்டுவிட்டேன். முதலில் கதவைத் தட்டினாள். பிறகு கெஞ்சினாள். அதைக் கேட்க எனக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது. அப்புறம் காலித் தட்டு வெளியே வருவது மட்டும்தான். ஒரு மழைக்காலம் வந்து போனது.

புகார் கொடுத்த அவளுடைய தோழிமேல் எனக்குக் கோபமில்லை. நீங்கள் கதவைத் திறந்தபோது தங்கச்சி எழுந்திருக்கவில்லை. உங்களைத் தாண்டி என் முகத்தைப் பார்த்து, "வெளிய வரலாமாக்கா?" என்று கேட்டாள். நீங்கள் அதைக் குறித்துக்கொண்டதைப் பார்த்தேன். சின்ன வயதிலிருந்தே என்னைக் கேட்காமல் அவள் எதுவும் செய்ததில்லை. அதைப் பாசம் என்று எழுதிக்கொள்ளுங்கள்.

ஆமாம், அடைத்து வைத்தேன். திட்டம் போட்டுத்தான் செய்தேன். திறப்பை அறுக்கும் முன் அவள் சாப்பிடுகிற தட்டைக் கதவில் வைத்துத்தான் கோடு போட்டேன். எதையும் மறுக்கவில்லை.

எலி எங்கே என்று கேட்டீர்கள். அது அந்த அறைக்குள் போகவே இல்லை. தாழ்ப்பாள் போட்ட அன்று காலையிலேயே பூங்காவுக்குக் கொண்டுபோய்ப் புல்லில் விட்டுவிட்டேன். பகலில் அது தூங்கும் என்பதால் கூண்டைத் துணியால் மூடியிருந்தேன்; அவளுக்குத் தெரியாது. நாள் முழுக்க நாலு சுவருக்குள்ளேயே அது சுற்றிச் சுற்றி வருவதைப் பார்க்க எனக்கு மனசு கேட்கவில்லை.