புட்டியின் பின்பக்கம்

பரிசு கொடுக்கப் பர்பன் விஸ்கி வாங்க வருகிறவர்கள் புட்டியைத் திருப்பிப் பார்ப்பதே இல்லை. கென்டக்கியில் இத்தனை வருடம் கடை நடத்தியதில் எனக்கு மிஞ்சிய பெரிய எரிச்சல் இதுதான். முன்பக்கத்தில் ஒரு குதிரை, ஒரு தாடிக்காரக் கிழவர், 'கொள்ளுத்தாத்தாவின் கைப்பக்குவம்' என்று வளைத்து வளைத்து எழுதிய ஒரு வரி. அது போதும் அவர்களுக்கு. மாமனாருக்கு, மேலாளருக்கு, ஓய்வுபெறும் தபால்காரருக்கு, எல்லாருக்கும் அந்தக் கிழவர்தான்.

திருப்பிப் பாருங்கள் என்று சொல்லுவேன். பின் லேபிளின் அடியில், கண்ணைச் சுருக்கினால்தான் தெரியும் எழுத்தில், விஷயம் இருக்கும். இன்னார் வடித்தது என்று போட்டிருக்கிறதா, இன்னார் அடைத்தது என்று மட்டும் போட்டிருக்கிறதா? இரண்டும் ஒன்றல்ல. வேறு மாநிலத்தில் வடித்ததை வாங்கி இங்கே அடைத்தால், அது எந்த மாநிலம் என்று போட்டாக வேண்டும். சட்டம் அப்படி. அதை எங்கே ஒளிப்பது என்பதில்தான் ஆளாளுக்குக் கெட்டிக்காரத்தனம். வாங்கி அடைப்பதில் தப்பில்லை. நல்ல மூக்கு உள்ளவர் தேர்ந்தெடுத்தால் அது நல்ல பர்பன்தான். என் கணவர் டெல்பர்ட்டுக்கு அந்த மூக்கு இருந்தது. லாரியில் வந்ததைத் தாத்தா விட்டுப்போனது என்று சொல்வதைத்தான் என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

விஷயத்துக்கு வருகிறேன், ஐயா. இதுவும் விஷயம்தான்.

டெல்பர்ட், ராய்ஸ் டாக்கெட்டிடம் வேலை பார்த்தார். 'டாக்கெட் ஊற்று' பர்பனின் முதலாளி ராய்ஸ். லேபிளில் இருக்கும் அந்த ஊற்றில் கோடையில் தவளைகூட நிற்காது. சரக்கு பக்கத்து மாநிலம் இண்டியானாவிலிருந்து வரும். பீப்பாய்களைக் கிடங்கின் மர அடுக்குகளில் ஏற்றி, காலம் பார்த்து ஒவ்வொன்றையும் முகர்ந்து, ருசித்து, எது எதோடு சேரும் என்று சொன்னவர் என் கணவர். ருசித்ததைத் துப்பிவிடுவார். அவர் குடியை விட்டு வெகுகாலம் ஆகியிருந்தது.

மேல் அடுக்கில் நடக்கும் பலகை இற்றுப்போயிருந்தது. தேவாலயத்தின் வெள்ளிக்கிழமை மீன் விருந்தில், நான் பக்கத்தில் இருக்கும்போதே ராய்ஸிடம் சொன்னார்.

"ராய்ஸு, அந்தப் பலகையில பூனை நடந்தாக்கூட உள்ள போயிடும். மாத்திடு."

"நீ ரெண்டு மீனைக் குறைச்சுக்க டெல்பர்ட், பலகை தானா நிக்கும்."

மேசையே சிரித்தது. டெல்பர்ட்டும் சிரித்தார். அவர் அப்படிப்பட்டவர்.

பலகை நிற்கவில்லை. விசாரணையில் ராய்ஸ், அவர் குடித்திருந்தார் என்று சொன்னான். சட்டையில் பர்பன் வாசனை வந்ததாம். கையில் மாதிரி எடுக்கும் குழாயோடு பீப்பாய்களுக்கு நடுவே விழுந்தவர் சட்டையில் ரோஜா வாசனையா வரும்? அறிக்கையின் முதல் பக்கத்தில் 'போதை' என்று இருந்தது. பலகையைப் பற்றியும் இருந்தது, கடைசிப் பக்கத்தில், சின்ன எழுத்தில். நான் அதைக் கடை மேசையிலேயே வைத்திருந்தேன். கடைசிப் பக்கத்தைப் பாருங்கள் என்று வருகிறவர்களிடமெல்லாம் சொன்னேன். முதல் பக்கத்தைப் பார்த்துவிட்டு என் தோளைத் தட்டிக்கொடுத்தார்கள். "குடி யாரைத்தான் விட்டுச்சு வெர்லீன்," என்றார்கள். அன்பாகத்தான் சொன்னார்கள். ஒரு சொட்டு விழுங்காத மனிதர் இந்த ஊரில் குடிகாரராகப் புதைக்கப்பட்டார்.

இனி ஜோயெல். ராய்ஸ் இரண்டாம் கல்யாணம் செய்துகொள்ளவிருந்த பெண். ஒஹாயோக்காரி, பள்ளியில் பாட்டு சொல்லிக்கொடுத்தவள். கல்யாணத்துக்கு ஒரு மாதம் முன்பு கடைக்கு வந்தாள்.

"மிஸ் வெர்லீன், கல்யாணம் நடக்கிற எடத்துல ஒரு பாட்டிலைப் புதைக்கணுமாமே? நெசமா, இல்ல வெளியூர்க்காரின்னு என்னைய ஓட்டுறாங்களா?"

"நெசந்தான் கண்ணு. தலைகீழாப் புதைக்கணும். அன்னிக்கு மழை வராது."

"வந்துட்டா?"

"வந்தா தோண்டுறது சுலபம்."

நன்றாகச் சிரித்தாள். கல்யாணத்தன்று அதைத் தோண்டியெடுத்து மணமக்கள் முதலில் குடிப்பார்கள், பிறகு மற்றவர்களுக்குப் போகும். இதற்கென்று வாங்க வருகிறவர்கள் எல்லாரிடமும் நான் தவறாமல் ஒன்று சொல்வேன்: பிளாஸ்டிக் பையில் இறுக்கிக் கட்டிப் புதையுங்கள். இந்த ஊர்க் களிமண் ஒரு மாதத்தில் லேபிளை முழுக்கத் தின்றுவிடும். எடுக்கும்போது யார் வடித்தது, எது என்றே தெரியாத மொட்டைப் புட்டிதான் மிஞ்சும்.

"அவர் சரக்கு வேணாம்," என்றாள் ஜோயெல். "அதத்தான் வீடு பூரா வச்சிருக்காரே. வேற, ரொம்ப விசேஷமா ஒண்ணு நீங்களே பாத்து எடுங்க. ஆச்சரியப்படட்டும்."

டெல்பர்ட்டைப் பற்றி ராய்ஸ் என்ன சொல்லியிருக்கிறான் என்று கேட்டேன். முகம் வாடிவிட்டது.

"குடிச்சிட்டு விழுந்துட்டார்னு... ஐயோ, மன்னிச்சுக்கங்க மிஸ் வெர்லீன்." என் கையைப் பிடித்துக்கொண்டாள். கை இதமாக இருந்தது. அறிக்கை மேசைமேல்தான் இருந்தது. அவளும் புரட்டவில்லை.

நாளைக்கு வந்து வாங்கிக்கொள் என்றேன்.

கடையில் இருந்ததிலேயே நேர்மையான புட்டியை எடுத்தேன். ஒரே வடிசாலை, ஒரே பருவம், அரசாங்கக் காவலில் இருந்த கிடங்கு, வடிசாலையின் எண்கூடப் பின் லேபிளில் இருந்தது. பரிசென்றால் அதுதான் பரிசு. அதைத் திறந்து, கிடங்கு எலிகளுக்காக டெல்பர்ட் வாங்கி வைத்திருந்த மருந்தைக் கலந்தேன். மறுபடி மூடி மெழுகு வைத்தேன். மெழுகு வைப்பது எனக்குப் பழக்கமான வேலை. பிறகு பின் லேபிளைப் புதிதாக அச்சடித்தேன். பழைய வரிகளை மாற்றவில்லை. அவற்றுக்குக் கீழே, 'இதில் எலி மருந்து கலந்துள்ளது. கலந்தவர் வெர்லீன் சிசெல், நெல்சன் மாவட்டம், கென்டக்கி' என்று சேர்த்தேன். மற்ற எழுத்துகள் எவ்வளவு பெரிதோ அதே அளவு. இந்தத் தொழிலில் இவ்வளவு முழுமையாக ஒளிவுமறைவில்லாமல் யாரும் எழுதியதில்லை, ஐயா. நான் யாரையும் ஏமாற்றவில்லை.

மறுநாள் மழை கொட்டியது. தெருவில் ஒரு வண்டி இல்லை. கடையில் நாங்கள் இருவர் மட்டும். காப்பி போட்டுக் கொடுத்தேன். அவள் குடித்து முடிக்கும்வரை அவளுடைய பள்ளிப் பிள்ளைகளைப் பற்றி நிதானமாகப் பேசிக்கொண்டிருந்தோம். புட்டியைப் பின்பக்கம் அவளைப் பார்க்கும்படிதான் மேசையில் வைத்திருந்தேன். அவள் அதை எடுத்து, திருப்பி, முன்பக்கத்தைப் பார்த்தாள்.

"எவ்வளவு அழகா இருக்கு," என்றாள்.

அன்று சாயங்காலமே புதைத்துவிட்டதாகப் பிறகு தொலைபேசியில் சொன்னாள்.

கல்யாணத்துக்கு என்னையும் அழைத்திருந்தார்கள். மழை வரவில்லை. தோண்டியெடுத்த புட்டியை ராய்ஸ்தான் துடைத்தான். வேறு யாருடைய சரக்கோ என்று தெரிந்ததும் அவன் முகம் போன போக்கை நான் பார்த்தேன். படம் எடுக்கிறவர்கள் எதிரே நிற்கும்போது அவன் அடுத்தவன் பர்பனைக் குடிப்பானா? உதட்டில் ஒற்றிவிட்டு அவளிடம் கொடுத்தான். அவள் கண்ணை மூடிக்கொண்டு, பெரிய மடக்காகக் குடித்தாள். தொண்டையைச் சுட்டிருக்க வேண்டும். இருமிக்கொண்டே சிரித்தாள். மற்றவர்களுக்குப் போவதற்குள் கையிலிருந்து புட்டி நழுவிவிட்டது.

ராய்ஸுக்கு இந்த முறையும் ஒன்றும் ஆகவில்லை. இந்த முறை எல்லாரும் அவன் தோளைத் தட்டிக்கொடுக்கிறார்கள். இதற்கு என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை.

அந்தப் பெண்ணுக்காக நான் வருந்துகிறேன். ஒரு தடவை திருப்பிப் பார்த்திருக்கலாம். அவ்வளவுதான் நான் எதிர்பார்த்தது.

நீங்கள் சாட்சியமாக எடுத்துவைத்த புட்டியில் லேபிளே இல்லை, வெறும் கண்ணாடியும் சேறும்தான் என்கிறீர்கள். நான் ஒட்டினேன், ஐயா. என் பெயரையும் ஊரையும் போட்டுத்தான் ஒட்டினேன். பையில் கட்டிப் புதைக்கும்படி அவளிடம் சொன்னேனா என்று கேட்கிறீர்கள். எல்லாரிடமும் சொல்கிறவள் நான், யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். அவளிடம் மட்டும் விட்டுப்போயிருக்கலாம்.

அன்றைக்குக் கடையில் கூட்டம் அதிகம்.