மாப்பிள்ளை விசாரணை

— இன்னா பாய், டீ ஆறிப்போவுது, நீங்க எதிர்மாடியவே பாத்துகினு கீறீங்க?

— ஒரு விசயமா வந்தேன், அண்ணாத்த. மேல குடியிருக்கானே தமீம், நாவலூர்ல கம்ப்யூட்டர் வேலை. பையன் எப்படி?

— அட, பொண்ணு வூடா! மொதல்லயே சொல்றதில்ல? கேளம்பாக்கத்துல மாப்ள விசாரிக்கணும்னா இந்த ஞானதாஸ் கடைக்குத்தான் வருவாங்க. எந்த ஊரு?

— செங்கல்பட்டு. மளிகைக் கடை.

— தமீம்னா தங்கம், பாய். சும்மா சொல்லக்கூடாது. குடி கிடையாது, சிகரெட்டு கிடையாது. பக்கத்துல போய் மோந்து பாருங்க, ஒரு வாடை வராது. வெள்ளிக்கிழமையானா தொப்பிய போட்டுகினு பள்ளிவாசலுக்குக் கெளம்பிடுவான்.

— மாஷா அல்லாஹ். இப்பவும் போறானா?

— இப்பக் கொஞ்சம் வேலை ஜாஸ்தி.

— சரி. காலைல ஒழுங்கா சாப்பிடுறானா? ராத்திரி தூங்குறானா?

— இன்னா கேட்டீங்க?

— தூங்குறானான்னு கேட்டேன்.

— பாய், எத்தினியோ பொண்ணு வூட்டுக்காரங்கள பாத்தவன் நானு. சம்பளம் கேப்பாங்க, சொந்த வூடு கீதான்னு கேப்பாங்க. மாப்ள தூங்குறானான்னு ஒருத்தரும் கேட்டதில்ல.

— கேட்டா தப்பா?

— தப்பில்ல. பேஜாரா கீது. நீங்க பாட்டுக்கு டீயக் குடிச்சிட்டுப் போயிருக்கலாம்ல?

— சொல்லு, அண்ணாத்த.

— தூங்குறதில்ல. துன்றதும் இல்ல. பொங்கல் வாங்குவான், அப்டியே வச்சிட்டுப் போயிடுவான். மாத்திரை பாய். வலி மாத்திரை. எவனோ கூட்டாளி பழக்கிவுட்டுட்டான். வாடை வராதுன்னு சொன்னேன்ல, அதுக்கு ஏது வாடை?

— இப்ப மாடி ஏறுறப்ப பாத்தேன், அதான் இந்த வெயில்ல முழுக்கை சட்டையா?

— ஆமா. இப்ப ஊசி வரைக்கும் போயிட்சி.

— யா அல்லாஹ். அப்புறம் எப்படி நீ தங்கம்னு சொன்ன?

— ஒரு கல்யாணம் ஆனா திருந்திடுவான்னு நெனப்புதான். எல்லாருக்கும் அப்டித்தானே சொல்றோம்? போன வருசம் ஒரு குடிகாரப் பையன நல்லவன்னு சொல்லி முடிச்சு வச்சேன்.

— அந்தப் பொண்ணு?

— அம்மா வூட்டுக்கே வந்துட்சி. அந்தப் பக்கம் போனாலே எனக்குத் தலை குனிவா கீது.

— தமீம் வீட்டுக்கு யாரும் சொல்லலையா?

— நான்தான் சொல்லணும்னு இருந்தேன். ஒரு நாள் படிக்கட்டுல மயங்கிக் கெடந்தான். தண்ணி தெளிச்சி எழுப்பி, அவன் போன்லேர்ந்து அவங்க அத்தா நம்பர எடுத்து வச்சிக்கினேன். போடுவேன், ஒரு ரிங்கு போனதும் கட் பண்ணிடுவேன். பெத்தவன்கிட்ட இத எப்டி பாய் சொல்றது? திரும்பக் கூப்ட்டாரு, நான் எடுக்கல.

— ம்.

— நல்ல மனுசனா கீறீங்க, அதான் கொட்டிட்டேன். உங்க பொண்ணுக்கு வேற எடம் பாருங்க.

— பொண்ணெல்லாம் எனக்குக் கிடையாது, அண்ணாத்த. அந்த ஒத்த ரிங்கு வந்ததெல்லாம் என் போனுக்குத்தான். எழுந்திரு, என் புள்ள ரூமைக் காட்டு.