செல்வரட்ணத்தின் கையொப்பம்

பஸ்ஸில் போனால் எனக்கு எப்போதும் முன் இருக்கைதான். பின்னால் இருந்தால் தலை சுற்றும் என்பது ஒரு காரணம். மற்றது, வழிகாட்டி டேனிஷில் சொல்வதை உடனுக்குடன் தமிழில் சொல்ல வேண்டியவன் நான். 1989 மே மாதம் ஒரு சனிக்கிழமை, டென்மார்க்கின் ஸ்கீவ நகரிலிருந்து நாங்கள் இருபத்தாறு பேர் சுற்றுலா போனபோதும் அப்படித்தான் இருந்தேன்.

நீங்கள் ஒடென்சேயிலிருந்து இவ்வளவு தூரம் ரயிலேறி வந்தது செல்வரட்ணத்தின் கதையைக் கேட்க என்று தெரியும். இந்த 1993 ஜனவரியில் டேனிஷ் அரசாங்கம் பதவி விலகி மூன்று வாரமாகிறது. எந்தப் பத்திரிகையைத் திறந்தாலும் தமிழர் வழக்குத்தான். குடும்பத்தை இங்கே எடுப்பிக்க நாங்கள் போட்ட விண்ணப்பங்களை நீதியமைச்சில் தொடாமல் வைத்திருந்தார்கள். அந்த நேரத்தில் ஊரில் செத்தவர்கள் செத்தார்கள். உங்கள் சங்க மலரில் போடப்போகும் பட்டியலில் என் மனைவி செல்வமலரின் பெயர் இருக்கிறது. அது சரி, இருக்கட்டும். அதற்குக் கீழே செல்வரட்ணத்தின் மனைவி விமலராணி, மகள் நிலுஷா என்று இரண்டு பெயர் எழுதியிருக்கிறீர்கள். அந்த இரண்டும் அங்கே வரக்கூடாது. பட்டியல் என்றால் பிழையில்லாமல் இருக்க வேண்டும்.

நான் மட்டக்களப்புக் கச்சேரியில், அதாவது அரசாங்க அதிபர் அலுவலகத்தில், எழுதுவினைஞராக இருந்தவன். இங்கே வந்து ஒன்றரை வருடத்தில் டேனிஷ் பிடித்துக்கொண்டேன். அதனால் அகதிகளுக்கு உதவும் அலுவலகத்தில் என்னை மொழிபெயர்ப்பாளனாக வைத்தார்கள். செல்வரட்ணம் கல்லடியில் லொறி ஓட்டியவன். என்னைவிட ஒன்பது வயது இளையவன். இங்கே இறைச்சித் தொழிற்சாலையில் வேலை. நாங்கள் இருவரும் ஒரே வீட்டில் இருந்தோம். 1987 ஓகஸ்டில் ஒரே மேசையில் உட்கார்ந்து இரண்டு பேருடைய விண்ணப்பத்தையும் நானே நிரப்பினேன். டிசம்பரில் செல்வமலர் சந்தையிலிருந்து வரும் வழியில் துப்பாக்கிச் சூடு பட்டு இறந்தாள். அவளுடைய அண்ணன் எழுதிய கடிதம் இங்கே வந்து சேர மூன்று வாரம் எடுத்தது. எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை.

அதன் பிறகு செல்வரட்ணம்தான் என்னைப் பார்த்தான். சமைத்தான், உடுப்புத் தோய்த்தான், ஞாயிற்றுக்கிழமைகளில் அவனே என்னை எழுப்பிப் பூசைக்கு அனுப்பினான். அவன் சைவம், நான் கத்தோலிக்கன். அவன் என்னைப் பார்த்ததை நான் மறைக்கவில்லை. அவன் எனக்கு ஒரு குறையும் வைத்ததில்லை.

சுற்றுலாவை ஒழுங்கு செய்தவள் லிஸ்பெத். எங்கள் அலுவலகத்தில் வேலை செய்த டேனிஷ்காரி. காலையில் சுண்ணாம்புக் குகை, மத்தியானம் பழைய காலத்துக் கோட்டை. வழிகாட்டியாக ஹோல்கர் என்று ஓய்வுபெற்ற ஒரு வாத்தியார். லிஸ்பெத் தானும் வருவதாக இருந்தது. மகளுக்குக் காய்ச்சல் என்று வரவில்லை. ஆனால் காலை எட்டு மணிக்கு சைக்கிளில் பஸ்ஸடிக்கு வந்து, என்னைத் தனியே கூப்பிட்டு ஒரு கடித உறையைக் கொடுத்தாள். நின்றுபோயிருந்த விண்ணப்பங்களை மறுபடி எடுக்கத் தொடங்கிவிட்டார்கள், செல்வரட்ணத்தினுடையது முதல் கட்டத்தில் வந்திருக்கிறது என்றாள். உள்ளே ஒரு படிவம் இருந்தது. அதில் இரண்டு சதுரங்கள். விண்ணப்பம் தொடரட்டும் என்று ஒன்று. குடும்பத்தார் வர விரும்பவில்லை, விண்ணப்பத்தை மீளப் பெறுகிறேன் என்று மற்றது. ஒன்றில் புள்ளடி போட்டு, கீழே கையொப்பம். திங்கட்கிழமை தன்னிடம் தந்தால் போதும் என்றாள்.

"இதை நீயே அவனிடம் சொல்லு. நீதானே அவனுடைய நண்பன்" என்றாள். அவளுக்குக் கண் கலங்கியிருந்தது. எனக்காக இரண்டு வருடத்துக்கு முன் அதே அலுவலகங்களுக்கு நடந்தவள் அவள்.

பஸ் புறப்பட்டது. சொல்லியிருக்கலாம். ஆனால் ஹோல்கர் மைக்கைப் பிடித்தவர் விடவில்லை. வயல், தேவாலயம், பனியுகத்து மேடுகள் என்று எல்லாவற்றுக்கும் ஒரு விளக்கம். நானும் ஒன்றையும் கூட்டாமல் குறைக்காமல் சொல்லிக்கொண்டு வந்தேன். குகைக்குப் போய்ச் சொல்லலாம் என்று நினைத்தேன்.

குகை என்று சொன்னாலும் அது மனிதர் வெட்டியதுதான். சுண்ணாம்புக்கல் எடுத்து எடுத்து நிலத்துக்குக் கீழே கிலோமீற்றர் கணக்கில் சுரங்கம். வெளியே வெயில், உள்ளே எட்டுப் பாகை குளிர். ஓரிடத்தில் பலகைத் தட்டுகளில் வட்டம் வட்டமாகச் சீஸ் பழுக்க வைத்திருந்தார்கள். செல்வரட்ணம் அதை மூக்கருகில் வைத்துப் பார்த்துவிட்டு, "செத்த எலி மணக்குது அண்ணை, இதையே காசு குடுத்து வாங்கிறாங்கள்?" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

கடைசி மண்டபத்தில் ஹோல்கர் எங்களை நிற்கச் சொன்னார். முழு இருட்டு எப்படியிருக்கும் என்று காட்டப்போகிறேன், ஒரு நிமிடம் விளக்கை அணைப்பேன், பயப்பட வேண்டாம் என்றார். நான் அதைத் தமிழில் சொன்னேன். விளக்கு அணைந்தது. என் முகத்துக்கு முன்னால் பிடித்த கையே எனக்குத் தெரியவில்லை.

செல்வரட்ணம் என் சட்டைக் கையைப் பிடித்தான்.

"அண்ணை, ஒண்டு சொல்லவேணும். வெளிச்சத்தில சொல்ல ஏலாது."

"சொல்லு."

"அக்கா செத்துப்போனா எண்டு கடிதம் வந்த அண்டைக்கு நான் குசினிக்குள்ள போய் நிண்டனான். அழத்தான் போனன். அழுகை வரேல்ல. செத்தது விமலா இல்லை, விமலா இல்லை எண்டுதான் மனசுக்குள்ள ஓடினது. சந்தோசமாக்கூடக் கிடந்தது அண்ணை. ஒரு வருசத்துக்கு மேலா உங்கட முகத்தைப் பாக்கேலாமல் திரியிறன்."

"அதில என்ன. ஆருக்கும் அப்பிடித்தான் வரும்" என்றேன்.

"என்னை மன்னிச்சுப் போடுங்கோ."

"விடு. நான் ஒண்டும் நினைக்கேல்ல."

விளக்கு எரிந்தது. அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, மூன்று நாள் காய்ச்சல் விட்டவன் போல முகம் தெளிந்து நின்றான்.

நான் குகையில் எதையும் தீர்மானிக்கவில்லை. இதை நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும். எனக்குக் கோபம் வரவில்லை. அவன் சொன்னது நியாயம் என்றே பட்டது. அந்த இடத்தில் நானாக இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பேன். ஒன்று மட்டும் கவனித்தேன். வெளியே வந்த பிறகு அவன் என்னோடு கதைத்த விதம் மாறியிருந்தது. சுமையை இறக்கி வைத்தவன் கதைக்கிற கதை. நிலுஷாவை எந்தப் பள்ளிக்கூடத்தில் விடலாம், விமலராணிக்கு இந்தக் குளிர் ஒத்துக்கொள்ளுமா, உங்களுக்குப் பக்கத்திலேயே வீடு பார்ப்போம், சாப்பாடு எங்கள் வீட்டில்தான் என்று. நான் அவர்கள் மேசையில் ஒரு ஓரத்தில் உட்கார்ந்து சாப்பிடுவதை மனக்கண்ணில் பார்த்தேன். அவள் எனக்குக் கறி போட்டுவிட்டு அவனைத் திரும்பிப் பார்ப்பாள். பாவம் என்று பார்ப்பாள்.

கோட்டை கடற்கழிக்குப் பக்கத்தில் இருந்தது. சிவப்புச் செங்கல்லால் ஆயர் ஒருவர் கட்டிய கோட்டை. சுற்றிவர இரண்டு அகழி, நடுவே ஆளுயரத்தைவிட மூன்று மடங்கு மண் அணை. ஹோல்கர் படிகளில் ஏற்றி இறக்கி, எதிரி மேல் கொதிக்கும் எண்ணெய் ஊற்றும் துவாரம், நிலவறை என்று காட்டினார். பிறகு ஒரு மணித்தியாலம் சாப்பாட்டுக்கு விட்டார். நானும் செல்வரட்ணமும் அணையின் மேல் புல்லில் இருந்தோம். அவன் ரொட்டியும் சம்பலும் கட்டிக்கொண்டு வந்திருந்தான். எனக்குப் பெரிய ரொட்டியாகப் பார்த்து வைத்தான்.

சாப்பிட்டு முடிந்ததும் உறையை எடுத்தேன். அவனுக்கு டேனிஷ் எழுத்துக் கூட்டி வாசிக்கவும் கடினம்.

"என்னண்ணை இது?"

"பஸ்ஸில வந்த ஆக்களின்ர விபரம். இன்சூரன்சுக்கு. கீழ ஒரு கையெழுத்து வை."

"நீங்கள் வைச்சிட்டீங்களோ?"

"ஓம், என்ர முடிஞ்சுது."

கோட்டையின் விளம்பரத் தாளை முழங்காலில் வைத்து, அதன் மேல் படிவத்தை வைத்துக் கையொப்பமிட்டான். தமிழில், முழுப் பெயரையும். அவனுடைய எழுத்து நல்ல எழுத்து. அப்போதும் இரண்டு சதுரமும் வெறுமையாகத்தான் இருந்தன. முதல் சதுரத்தில் புள்ளடி போட்டுவிட்டு, "மச்சான், உன்ர ஆக்கள் வரப்போகினம்" என்று சொல்ல எனக்கு வழியிருந்தது. திரும்பி வரும் பஸ்ஸில் ஹோல்கர் களைத்து நித்திரையாகிவிட்டார். எனக்கு மொழிபெயர்க்க எதுவும் இருக்கவில்லை. அப்போதுதான் இரண்டாவது சதுரத்தில் புள்ளடி போட்டேன். பஸ் குலுங்கியதால் கோடு கொஞ்சம் வளைந்துவிட்டது.

திங்கட்கிழமை லிஸ்பெத்திடம் கொடுத்தேன். பார்த்துவிட்டுக் கதிரையில் உட்கார்ந்துவிட்டாள். விமலராணி தாயைத் தனியே விட்டுவிட்டு வரமாட்டேன் என்று எழுதிவிட்டாள், அவனுக்கு வெட்கமாக இருக்கிறது, அவனிடம் இதைப் பற்றிக் கேட்காதே என்றேன். அவள் கேட்கவில்லை. இந்த நாட்டவர்களுக்கு அந்த மரியாதை உண்டு. ஒருவன் கதைக்க விரும்பாததைக் கிளற மாட்டார்கள்.

ஒரே ஒரு தடவை அவன் தானாக அலுவலகத்துக்கு வந்தான். செப்டெம்பரில். ஹேர்னிங் நகரில் இருந்த இரண்டு தமிழருடைய மனைவிமார் வந்திறங்கிவிட்டார்கள் என்று கேள்விப்பட்டிருந்தான். லிஸ்பெத் முன்னால் இருந்தாள், அவன் இந்தப் பக்கம், நான் நடுவில்.

"இன்னும் என்ன கடுதாசி வேணுமெண்டு கேளுங்கோ அண்ணை. நான் கால்ல விழுந்தெண்டாலும் எடுத்துத் தாறன். பிள்ளைக்கு ஆறு வயசாகுது" என்று சொல்லும்போதே அழத் தொடங்கினான்.

நான் லிஸ்பெத்திடம், மனைவி வராததைத் தாங்க முடியாமல் இருக்கிறான், யாரிடமாவது கதைக்க வேண்டும் போலிருந்ததாம் என்றேன். அவள் எழுந்து வந்து அவனுடைய கையைப் பிடித்துக்கொண்டாள். காலம் ஆற்றும், பொறுமையாக இரு என்று சொல் என்றாள்.

"பொறுமையா இருக்கட்டாம்" என்றேன். அதை அப்படியே சொன்னேன்.

அன்றைய மொழிபெயர்ப்பு ஒழுங்கான மொழிபெயர்ப்பு அல்ல. அதை ஒப்புக்கொள்கிறேன்.

இதெல்லாம் எத்தனை நாளைக்கு என்று நீங்கள் கேட்கலாம். நான் நினைத்தது ஒரு வருடம். செல்வமலருக்காக நான் எப்படிக் காத்திருந்தேனோ அப்படி அவனும் இருக்கட்டும், பிறகு நானே புதிதாக ஒரு விண்ணப்பம் நிரப்பிக் கொடுப்பேன் என்று. படிவம்கூட எடுத்து வைத்திருந்தேன். காத்திருப்பதால் யாருக்கும் எதுவும் நடந்துவிடாது என்று அப்போது நம்பினேன். செல்வமலர் காத்திருந்துதான் போனாள் என்பது எனக்குத் தெரியாமலில்லை. ஆனால் 1989 இல் ஊர் கொஞ்சம் அடங்கியிருந்தது.

1990 ஜூனில் கிழக்கில் மறுபடி சண்டை தொடங்கியது. விமலராணி பிள்ளையையும் தாயையும் கூட்டிக்கொண்டு, வாவியைக் கடந்து படுவான்கரைக்குப் போகத் தோணி ஏறியிருக்கிறாள். தோணியில் பதினேழு பேர். அது கரை சேரவில்லை. இரண்டு நாளைக்குப் பிறகு விமலராணியின் உடலை எடுத்தார்கள். பிள்ளையை எடுக்கவில்லை. கடிதம் என் பெயருக்குத்தான் வந்தது, அவனுக்குப் பக்குவமாகச் சொல்லும்படி. நான் பக்குவமாகத்தான் சொன்னேன். சொல்லும்போது எனக்கு அழுகை வந்தது. உண்மையாகவே அழுதேன்.

முதல் கட்டத்தில் எடுக்கப்பட்டவர்களுக்கு எல்லாம் முடிந்து குடும்பம் வந்து சேர நாலு மாதத்திலிருந்து எட்டு மாதம் வரை எடுத்தது. ஹேர்னிங்காரர்களிடம் விசாரித்து வைத்திருக்கிறேன். பிந்திப் பார்த்தாலும் அவர்கள் ஜனவரியில் வந்திருப்பார்கள். சண்டை ஜூனில்தான் தொடங்கியது. அதனால்தான் சொல்கிறேன், அந்த இரண்டு பெயரையும் அமைச்சின் கணக்கில் போடாதீர்கள். என் கணக்கில் போடுங்கள்.

போன மாதம் தொலைக்காட்சியில் அரசாங்கம் விலகிய செய்தியைக் காட்டியபோது நாங்கள் இருவரும் பார்த்துக்கொண்டிருந்தோம். நான் வழக்கம்போலத் தமிழில் சொன்னேன். அவன் கேட்டுவிட்டு, "இனி என்னத்துக்கு அண்ணை" என்றான். அந்த வாரம் முழுக்க அவன் பேசியது அவ்வளவுதான். தோணிச் செய்தி வந்த பிறகு தொழிற்சாலையில் அவனை வைத்திருக்க முடியவில்லை. கத்தி பிடிக்கிற வேலை, கை நடுங்கும். வைத்தியர் ஓய்வூதியத்துக்கு எழுதிக்கொடுத்தார். மறுமணம் செய்யச் சொல்லி ஜெர்மனியிலிருந்து அவனுடைய தமக்கை கேட்டாள். தன்னோடு வந்து இருக்கச் சொல்லியும் கேட்டாள். அவனுடைய நிலையில் அது சரிவராது என்று நானே விளக்கி எழுதினேன். அதன் பிறகு அவளும் எழுதுவதில்லை.

இப்போது அவன் குளிக்கிற நேரம், சாப்பிடுகிற நேரம், மருந்து எல்லாம் என் பொறுப்பு. மாலையில் கையைப் பிடித்துக் கழிக்கரை வரை நடத்திக் கூட்டிப்போவேன். சனங்கள் பார்த்துவிட்டு, சொந்தத் தம்பியைக்கூட ஒருவன் இப்படிப் பார்க்கமாட்டான் என்கிறார்கள். உள்ளறையில்தான் இருக்கிறான். நீங்கள் விரும்பினால் போய் இதையெல்லாம் அவனிடம் சொல்லலாம், நான் தடுக்கமாட்டேன். ஆனால் சொல்லிவிட்டு நீங்கள் நாலரை ரயிலுக்குப் போய்விடுவீர்கள். பிறகு அவனை யார் பார்ப்பது? இந்த உலகத்தில் அவனுக்கு என்னை விட்டால் வேறு ஒருவரும் இல்லை. முடிந்தால் அதையும் எழுதுங்கள்.